பவர் பட்டன் அழுத்தினால் ரெண்டு செகண்ட் ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது, உள்ளே பல வருஷ டிடிபி ஃபைல்கள்

வண்ணை அச்சுக்கோப்பு

மெஷின், அதாவது கம்ப்யூட்டர் விவரம் முதலில். 2009ல் அசெம்பிள் செய்தது. ஜி31 போர்டு, கோர் 2 டுயோ, டிடிஆர்2 ரேம் 1 ஜிபி இரண்டு, 250 ஜிபி சாட்டா ஹார்டுடிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. வேலை கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக். பேஜ்மேக்கர் 7, அதோடு பேரலல் போர்ட்டில் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவி போன்ற சின்னக் கருவி) மாட்டி ஓடும் தமிழ் ஃபான்ட் மென்பொருள்.

நேற்று மதியம் கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து பட்டன் அழுத்தினால் சிபியு ஃபேன் ரெண்டு செகண்ட் சுற்றி நிற்கிறது, தானே மறுபடி சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது. திரையில் ஒன்றும் இல்லை. பீப்பும் இல்லை. பக்கத்துக் கடையில் "போர்டு போச்சு, புது மெஷின் எடுங்க, இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி அதில் மாட்டித் தரேன்" என்கிறார்கள். 2021 வரைக்கும்தான் பென்டிரைவில் பேக்கப் இருக்கிறது. ஃபைல்களும் வேண்டும், முடிந்தால் அதே மெஷினும் வேண்டும், டாங்கிள் காரணமாக.

ராயபுரம் 13

போர்டு போச்சுன்னா டிஸ்க்கை எதுக்குப்பா ஃபார்மட் பண்ணணும்? ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்? அந்தக் கடைப் பக்கம் போவாத.

கொருக்குப்பேட்டை சால்டர்

இன்னொரு தடவை பட்டனைத் தொடாதீர்கள் சார். இந்த மாதிரி சுற்றி நின்று சுற்றும்போது டிஸ்க்கும் ஒவ்வொரு தடவையும் கிளம்பிக் கிளம்பி நிற்கிறது. ஆரோக்கியமான டிஸ்க் தாங்கும். பதினைந்து வருஷ டிஸ்க் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) கோளாறாக இருந்தால் 12 வோல்ட் லைன் ஏறி இறங்கி டிஸ்க் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சுவரில் இருந்து பவர் கார்டைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள், மிச்சச் சார்ஜ் இறங்கும். டிஸ்க்கில் இருந்து சாட்டா டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். பக்கத்துக்கு இரண்டாக நாலு திருகு. டிஸ்க்கை வெளியே எடுத்து, பச்சை போர்டு பக்கம் கை படாமல், ஆன்டிஸ்டேடிக் கவரிலோ, இல்லையென்றால் வெறும் காகித உறையிலோ வையுங்கள். சாதாரண பாலிதீன் பை வேண்டாம், ஸ்டேடிக் ஏறும். லேபிளில் உள்ள சீரியல் நம்பரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி மெஷினை என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், போனால் எஸ்எம்பிஎஸ்ஸோ போர்டோதான். டிஸ்க் இல்லாமலே மெஷின் பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வரை வரும். ரிப்பேர் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "டிஸ்க் இல்லாம செக் பண்ண முடியாது" என்று சொல்லும் கடைக்கு வேலை தெரியாது.

அடுத்து மல்டிமீட்டர் இருந்தால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

1. கார்டை மாட்டி, பட்டன் அழுத்தாமல், 24 பின் கனெக்டரின் பின்பக்கத்தில் ஊதா வயரை அளக்கவும், கறுப்பு முனை ஏதாவது கறுப்பு வயரில். இது ஸ்டாண்ட்பை 5 வோல்ட். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும்.

2. சிபியு சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா.

3. பயாஸ் பேட்டரி, சிஆர்2032. கழற்றி அளந்தால் 3 வோல்ட் வர வேண்டும். 2.7க்குக் கீழே என்றால் மாற்றிவிடலாம். ஆனால் கழற்றினால் பயாஸ் செட்டிங் எல்லாம் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பெரம்பூர் லோகோ

முதல்ல ரேமைக் கழற்றி ரப்பரால தேய்ச்சு மாட்டுங்க சார். எண்பது சதம் அதுதான். கடல் பக்கம் வேற.

கொருக்குப்பேட்டை சால்டர்

லோகோ சொல்வது சரியான சந்தேகம்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் ரேம் முனைகள், பிசிஐ கார்டு முனைகள், முன்பக்கப் பட்டன் ஸ்விட்ச் எல்லாமே கறுக்கும். இரண்டு ரேமையும் கழற்றி, தங்க முனையை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒரே ஒரு ரேமை முதல் ஸ்லாட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சு போனால் ரேம் அதோடு சரி.

ஆனால் இவர் கேஸில் ஃபேன் சுற்றி நின்று சுற்றுகிறது. ரேம் கோளாறில் பெரும்பாலும் ஃபேன் நிற்காமல் ஓடும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். இது பவர் பக்கம் போல இருக்கிறது. பீப் இல்லை என்பதையும் நம்ப வேண்டாம். பல கேபினெட்டில் ஸ்பீக்கரே இருக்காது. போர்டில் ஸ்பீக்கர் பின்களில் ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டி, ரேம் இல்லாமல் ஆன் செய்தால், போர்டும் சிபியுவும் உயிரோடு இருந்தால் நீளமாகக் கத்தும். அந்தச் சத்தம் வந்தால் பாதி நிம்மதி.

காசிமேடு ஆன்லைன்

டிஸ்க் ஓடாம போனா ஃப்ரிட்ஜ்ல ஒரு நைட் வெச்சு எடுத்தா ஓடும்னு யூடியூப்ல பாத்தேன் ப்ரோ.

எண்ணூர் முகத்துவாரம்

வேண்டாம் தம்பி. நம் ஊர் ஈரப்பதத்தில் ஃப்ரீசரில் இருந்து எடுத்த டம்ளர் என்ன ஆகிறது என்று பாருங்கள். வெளியில் வேர்ப்பது டிஸ்க்கின் உள்ளேயும் வேர்க்கும், அதில் மூச்சுத்துளை உண்டு. தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி முடியின் பருமனில் ஒரு துணுக்குகூட இருக்காது. ஒரு நீர்ப்பூச்சு போதும்.

வண்ணை அச்சுக்கோப்பு

டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். அளவுகள்: ஊதா வயர் 4.31. பேட்டரி 2.1. சிபியு சாக்கெட் பக்கத்தில் ஏழு கெபாசிட்டர், அதில் இரண்டு தலை உப்பியிருக்கிறது, ஒன்றில் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது. ரேம் சுத்தம் செய்து மாட்டியும் அதேதான்.

கொருக்குப்பேட்டை சால்டர்

4.31 என்றால் எஸ்எம்பிஎஸ் முடிந்தது. ஸ்டாண்ட்பை லைன் இரவு பகல் ஓடும். சுவரில் சுவிட்சை அணைக்காமல் விட்டால் 24 மணி நேரமும் அந்தச் சின்னக் கெபாசிட்டர் சூட்டிலேயே கிடக்கும். காய்ந்து கொள்ளளவு குறைந்ததும் வோல்டேஜ் இறங்கும். கரண்ட் போய்வந்தது வெறும் சாக்கு, ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் தாங்கியது, மறுபடி தொடங்க முடியவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சரிசெய்ய வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே நேரோட்டமானதும் 320 வோல்ட் சொச்சம் ஆகிறது. பிளக் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது நிற்கும். புதிதாகவே வாங்குங்கள். இந்த மெஷின் 150 வாட் தாண்டாது, ஆனால் லேபிளில் 450 என்று ஒட்டிய காற்றுக் கன எஸ்எம்பிஎஸ்ஸை எடுக்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள், லேபிளில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். சிபியுவுக்கான நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் தனியாக இருக்க வேண்டும். அதை மாட்ட மறந்தால் ஃபேன் ஓடும், திரை வராது, "புதுசும் போச்சு" என்று நினைப்பீர்கள்.

புது எஸ்எம்பிஎஸ்ஸையும் போர்டில் மாட்டுமுன் தனியே சோதியுங்கள். 24 பின்னில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் கிளம்பும். மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47. இதற்கு வெளியே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மல்டிமீட்டரில் சரியாகத் தெரிந்தாலும் ரிப்பிள் (வோல்டேஜின் வேகமான சின்ன ஏற்ற இறக்கம்) தெரியாது, அதனால்தான் டிஸ்க்கை இன்னும் மாட்டாதீர்கள் என்கிறேன்.

போர்டில் உப்பியது இரண்டு என்றாலும் அந்த வரிசையில் அதே மாடல் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் மாற்றுங்கள். மீதி ஐந்தும் அதே வயசு, அதே சூடு. அளவு 1500 மைக்ரோஃபாரட், 6.3 அல்லது 10 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது). சும்மா 85 டிகிரி சாதா கெபாசிட்டர் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி உப்பும். விட்டமும் பார்க்க வேண்டும், 8 மில்லிமீட்டர் இடத்தில் 10 மில்லிமீட்டர் நுழையாது. கழற்றுமுன் படம் எடுங்கள். போர்டில் நிழலடித்த பாதி பெரும்பாலும் மைனஸ், ஆனால் சில போர்டுகளில் நேர் எதிர். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

சால்டரிங் பழக்கம் இல்லை என்றால் இதை மட்டும் மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். போர்டின் கிரவுண்ட் அடுக்கு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் அயர்ன் வைத்து நோண்டினால் துளையின் உள்பூச்சு பிய்ந்து வந்துவிடும். 60 வாட், பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம், பிறகு ஒரு காலை உருக்கிச் சாய்த்து, மறு காலை உருக்கிச் சாய்த்து, நடந்து நடந்து வெளியே வரும்.

ராயபுரம் 13

பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறதுன்னா வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல எறங்கு, வண்டி மாற வேணாம். ஞாயித்துக்கெழம போவாத, முக்காவாசி கடை மூடி இருக்கும். பழைய கெபாசிட்டர் ஒண்ண கையோட எடுத்துட்டுப் போ.

எண்ணூர் முகத்துவாரம்

மெஷின் வேலை நடக்கும்போதே டிஸ்க் வேலையைத் தனியாக முடித்துவிடலாம். இதில் அவசரப்பட்டுத்தான் பலர் இழக்கிறார்கள்.

இன்னொரு டெஸ்க்டாப் இருந்தால் அதன் சாட்டா போர்ட்டில் நேராக மாட்டுவதே மேல். யூஎஸ்பி அடாப்டர்கள் சில, படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புக் கட்டம்) வந்ததும் இணைப்பையே துண்டித்துவிடும். அடாப்டர்தான் இருக்கிறது என்றால், 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி பவர் அடாப்டர் கூட வருவதாக இருக்க வேண்டும். லேப்டாப் டிஸ்க் அடாப்டரில் இது ஓடாது.

அந்த மெஷினை விண்டோஸில் தொடங்காதீர்கள். விண்டோஸ் பழைய டிஸ்க்கைப் பார்த்ததும் தொடக்கத்திலேயே செக்டிஸ்க் ஓட்டத் தயாராகும், அல்லது "ஃபார்மட் செய்ய வேண்டுமா" என்று பெட்டி காட்டும். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் அமைப்பை ஒழுங்காக்குவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. கோளாறான டிஸ்க்கில் அது எழுத ஆரம்பித்தால் இருப்பதும் கலைந்துபோகும்.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென்டிரைவில் தொடங்குங்கள். உபுண்டு டெஸ்க்டாப் வேண்டாம், அது யூஎஸ்பி டிஸ்க்கைக் கேட்காமலே திறக்கும். இது திறக்காது, பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூவும் தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது.

முதலில் ஸ்மார்ட் விவரம் பாருங்கள், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல் அது. 5, 197, 198 என்ற மூன்று வரிகள் போதும். 5 என்பது ஏற்கெனவே மாற்று இடத்துக்கு ஒதுக்கிய செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 கைவிட்டவை. மூன்றும் பூஜ்யம் என்றால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. 197ல் எண் இருந்தால் ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யாமல் முழுப் பிரதி எடுக்க வேண்டும். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் குற்றமில்லை, கேபிளை மாற்றுங்கள்.

பிரதி எடுக்க 250 ஜிபிக்குக் குறையாத இடம் வேண்டும். ஃபேட்32 டிரைவில் எடுக்க முடியாது, ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. உங்கள் விஷயத்தில் இமேஜ் ஃபைலாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) எடுப்பதைவிட இன்னொரு டிஸ்க்குக்கு நேரே குளோன் (அச்சு அசல் பிரதி) எடுப்பது நல்லது. அதை அப்படியே பழைய போர்டில் மாட்டினால் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஃபான்ட் எல்லாம் இருந்தபடி வரும். மூல டிஸ்க் அலமாரிக்குப் போய்விடும்.

டிடிரெஸ்க்யூவில் முதலில் மூலம், பிறகு இலக்கு, மூன்றாவது மேப் ஃபைல் (எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு). இந்த வரிசையை மாற்றிப்போட்டால் வெற்று டிஸ்க் உங்கள் ஃபைல்களின் மேல் எழுதப்படும், அதற்கு மருந்து கிடையாது. டிஸ்க்குக்கு நேரே எழுதும்போது "எஃப்" (-f) என்ற அனுமதிச் சொல்லைச் சேர்க்கச் சொல்லும். அந்த இடத்தில் நின்று, படம் எடுத்துவைத்த சீரியல் நம்பரை ஒருமுறை ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் "என்" (-n) சேர்த்தால் எளிதில் வருவதை எல்லாம் எடுத்துக்கொண்டு கஷ்டமான இடத்தைச் சுரண்டாமல் விடும். இரண்டாம் சுற்றில் "டி"யும் (-d) "ஆர்3"யும் (-r3) சேர்த்தால் விட்ட இடங்களை மூன்று தடவை முயலும். மேப் ஃபைலை பென்டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும், நம் ஏரியாவுக்கு இது முக்கியம். யூஎஸ்பி 2 வழியாக செகண்டுக்கு 30 எம்பி என்று வைத்தால் 250 ஜிபிக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். சாட்டாவில் ஒரு மணி சொச்சம்.

டிஸ்க் "டக் டக்" என்று சீராகத் தட்டினால் இத்தனையும் விட்டுவிட்டு பவரை எடுத்துவிடுங்கள். அது ஹெட் கோளாறு, க்ளீன் ரூம் உள்ள ரெகவரி லேபுக்குத்தான். சுற்றவே இல்லை, சத்தமே இல்லை என்றால் அது வேறு. டிஸ்க் போர்டில் பவர் கனெக்டர் பக்கம் இருக்கும் டிவிஎஸ் டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். கோளாறான எஸ்எம்பிஎஸ்ஸின் உயர்ந்த வோல்டேஜைத் தானே வாங்கிக்கொண்டு செத்திருக்கும். அதை எடுத்தால் டிஸ்க் பல நேரம் ஓடும், ஆனால் இனிப் பாதுகாப்பில்லை, உடனே பிரதி எடுத்துவிட வேண்டும். வேறு டிஸ்க்கின் போர்டை மாட்டினால் ஓடும் என்பது பழைய காலம். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் எட்டுக் கால் ரோம் சிப்பில் இருக்கும், அதையும் எடுத்து மாற்ற வேண்டும்.

மணலி எம்எஃப்எல்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எச்61 போர்டு, விண்டோஸ் 7. பேட்டரி மாற்றினேன், அதிலிருந்து விண்டோஸ் லோகோ வந்து நீலத்திரை, கடைசியில் 7பி என்ற பிழை எண். டிஸ்க் போய்விட்டதா?

எண்ணூர் முகத்துவாரம்

இல்லை. பயாஸில் சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) மாறிவிட்டது. ஐடிஈ என்று இருந்தால் ஏஎச்சிஐ, ஏஎச்சிஐ என்று இருந்தால் ஐடிஈ, மாற்றிப் பாருங்கள்.

மணலி எம்எஃப்எல்

வந்துவிட்டது சார். நன்றி.

காசிமேடு ஆன்லைன்

மிக்ஜாம் வெள்ளத்துல முங்கின சிபியு ஒண்ணு இன்னும் அப்படியே கெடக்கு ப்ரோ. அதுல இருந்து எடுக்கலாமா?

எண்ணூர் முகத்துவாரம்

2023 டிசம்பரில் இருந்து காய்ந்து கிடக்கும் டிஸ்க் என்றால் ஆன் மட்டும் செய்யாதீர்கள் தம்பி. எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. உள்ளே தட்டில் உப்பும் சேறும் படிந்து காய்ந்திருக்கும். ஒரு சுற்று சுற்றினால் ஹெட் அதைத் தேய்த்துக்கொண்டு போகும். டேட்டா முக்கியம் என்றால் நேராக லேப். அடுத்த தடவை முங்கினால் வெயிலில் காயவைக்காமல் ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த கறையைவிட ஈரக் கறையைக் கழுவுவது சுலபம்.

வண்ணை அச்சுக்கோப்பு

நிலவரம். 5ல் 12, 197ல் 8, 198ல் 8. 500 ஜிபி டிஸ்க்குக்குக் குளோன். முதல் சுற்று ஒன்றரை மணி, இரண்டாம் சுற்று இருபது நிமிஷம். எடுக்க முடியாதது 4 கேபி மட்டும். புது எஸ்எம்பிஎஸ்ஸில் ஊதா 5.06. ஏழு கெபாசிட்டரும் மாற்றியாயிற்று, புது பேட்டரி போட்டேன். குளோனை மாட்டினேன், எக்ஸ்பி வந்துவிட்டது.

மூன்று கேள்வி. மெஷின் முன்பைவிட மெதுவாக இருக்கிறது. சில பேஜ்மேக்கர் ஃபைலில் படம் இருந்த இடம் சாம்பல் கட்டமாக வருகிறது. டாங்கிள் இல்லை என்கிறது மென்பொருள்.

கொருக்குப்பேட்டை சால்டர்

மெதுவுக்குக் காரணம்: எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) 63வது செக்டரில் தொடங்கும். புது டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4 கேபி கட்டங்களாக எழுதும், 63 எட்டால் வகுபடாது, அதனால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இரண்டு கட்டம் தொட வேண்டியிருக்கிறது. ஜிபார்ட்டட் என்ற கருவியில் பார்ட்டிஷனை 1 எம்பி எல்லைக்கு நகர்த்தினால் சரியாகும். மூல டிஸ்க் பத்திரமாக இருப்பதால் துணிந்து செய்யலாம். நகர்த்தியபின் எக்ஸ்பி தொடங்க மறுத்தால் எக்ஸ்பி சிடியின் ரெகவரி கன்சோலில் ஃபிக்ஸ்பூட் கட்டளை கொடுக்க வேண்டும்.

படம்: பேஜ்மேக்கர் பெரிய படத்தை ஃபைலுக்குள் வைக்காது, இருக்கும் பாதையை மட்டும் வைக்கும். டிரைவ் எழுத்து மாறியிருக்கிறதா பாருங்கள். டி என்று இருந்தது ஈ ஆகியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் திரும்ப டி ஆக்கினால் படம் எல்லாம் வந்துவிடும்.

பெரம்பூர் லோகோ

பேக்கப் எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேத்து எடுங்க சார். யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபைல் எல்லாம் உள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துதான். அந்தக் குறிப்பிட்ட ஃபான்ட் இல்லன்னா கல்யாணப் பத்திரிகை கிறுக்கலா நிக்கும், டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடுவாங்க. ஃபான்ட் போனா ஃபைல் இருந்தும் இல்லாத கணக்குதான்.

கொருக்குப்பேட்டை சால்டர்

டாங்கிள்: பேட்டரி மாற்றியதில் பயாஸின் பேரலல் போர்ட் செட்டிங் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கும். முகவரி 378, மோட் ஈசிபி என்று இருந்தால் நார்மல் அல்லது எஸ்பிபி, அதில் வராவிட்டால் ஈபிபி. ஒவ்வொன்றுக்கும் சேவ் செய்து ரீஸ்டார்ட். டாங்கிளை மெஷின் ஆனில் இருக்கும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது, யூஎஸ்பி இல்லை இது. யூஎஸ்பியில் இருந்து பேரலலுக்கு மாற்றும் வயரில் பெரும்பாலான டாங்கிள் வேலை செய்யாது, அதனால் இந்தப் போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின் கறுத்திருந்தால் ஆல்கஹாலில் பல் தேய்க்கும் பிரஷ்.

வண்ணை அச்சுக்கோப்பு

ஈசிபிதான் இருந்தது அண்ணா. நார்மலில் வரவில்லை, ஈபிபியில் எடுத்துக்கொண்டது. டிரைவ் எழுத்தும் மாறித்தான் இருந்தது, டி ஆக்கியதும் படங்கள் வந்துவிட்டன. பார்ட்டிஷன் நகர்த்துவது ஞாயிற்றுக்கிழமை.

ராயபுரம் 13

பயாஸ் பக்கத்த அப்டியே ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சு வெச்சுக்க. அடுத்த பேட்டரிக்கு உதவும்.